ஓய்வு பெறும் தோழிக்குத் தோப்பில் விருந்து: ஏற்பாடு உங்களுடையது, பொறுப்பு அவருடையது

காவிரிப் பாசனப் பகுதியில் உள்ள ஒரு நகரத்திலிருந்து 57 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் அஞ்சலகச் சிறுசேமிப்பு முகவர். வீடு வீடாகச் சென்று மாதாந்திர ஆர்.டி. (தொடர் வைப்பு) தொகையை வசூலித்து, பட்டியல் போட்டு, தலைமை அஞ்சலகத்தில் கட்டுகிறவர். அந்த அஞ்சலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து இன்று ‘பி’ பிரிவு அலுவலராக இருக்கும் அவருடைய தோழிக்கு வரும் ஜூன் மாதம் 60 வயது நிறைகிறது. ஜூன் 30-ஆம் தேதி ஓய்வு பெறுகிறார். கவுன்டரின் இரண்டு பக்கங்களில் நின்று தொடங்கிய பழக்கம் இருவரையும் உடன்பிறந்தவர்களைப் போல ஆக்கியிருக்கிறது. வாசகியின் கணவர் சிறுநீரக நோயால் மருத்துவமனையில் கிடந்த நாள்களில், அலுவலகம் முடிந்ததும் நேரே அங்கே வந்து, வாசகியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு இரவெல்லாம் கட்டிலருகே உட்கார்ந்திருந்தவர் அந்தத் தோழி. “அக்காவுக்கு நான் செய்யாமல் வேறு யார் செய்வது?” என்று கேட்கிறார் வாசகி.

அவருடைய திட்டம் இது. ஜூன் 30 மாலை, படித்துறையை ஒட்டிய ஆற்று மணலில் 150 பேருக்கு விருந்து. அது சரிப்படாவிட்டால் தோழி வீட்டுத் தெருவை அடைத்து ஒரு சாமியானா. அதுவும் இல்லையென்றால் நகரத்துக்கு வெளியே தம்பியின் தென்னந்தோப்பு. வார்டு கவுன்சிலர் தலைமை தாங்க, பாராட்டு மடல் வாசித்து, அதைக் கண்ணாடிச் சட்டமிட்டுக் கொடுத்து, இரண்டு பவுன் சங்கிலியும் அணிவிக்க வேண்டும். நுழைவாயிலில் ஃபிளெக்ஸ், உள்ளே மைக் செட்டும் பாட்டும். செலவுக்கு முகவர்கள் ஆளுக்கு 1,000 ரூபாய், அஞ்சலக ஊழியர்கள் ஆளுக்கு 500 ரூபாய் என்று வசூல் தொடங்கிவிட்டது. ஊழியர்களில் சிலர் தோப்பின் மோட்டார் கொட்டகையில் தங்களுக்குத் ‘தனி ஏற்பாடு’ வேண்டும் என்கிறார்கள். தோழிக்கு இதில் எதுவும் தெரியாது. “சத்தமில்லாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுகிறேன்” என்று அவர் ஒருமுறை சொன்னதை வாசகி அடக்கம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். “இதற்கெல்லாம் யார் சட்டம் பார்க்கிறார்கள்?” என்று மகன் சொன்னாலும், மனத்தில் ஓர் உறுத்தல் இருப்பதால் எந்த இடம் நல்லது, என்னென்ன அனுமதி வேண்டும், சங்கிலி கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் உறுத்தல் நியாயமானது. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அதில் உள்ள நன்றியுணர்ச்சியில் ஒரு குறையும் காணவில்லை. ஆனால் உங்கள் கேள்விகள் எல்லாம் பந்தல் போடுகிறவருக்கு என்ன அனுமதி வேண்டும் என்பதைப் பற்றியே இருக்கின்றன. உங்கள் தோழி மத்திய அரசு ஊழியர் என்பதால், இந்த விருந்தில் நீங்கள் எடுக்கும் முடிவுகள் சிலவற்றுக்கு விதிப்படி பதில் சொல்ல வேண்டியவர் அவர். நீங்கள் அழைப்பிதழ் அச்சடித்தால் விளக்கம் எழுத வேண்டியது அவர். நீங்கள் வசூலித்தால் கேள்வி வருவது அவருக்கு. அவருக்குத் தெரியாமல் நடத்துவதால் இந்தப் பொறுப்பு குறைந்துவிடாது. ஆகவே முதலில் பணி விதிகளைச் சொல்லிவிட்டுப் பிறகு இடத்துக்கும் பந்தலுக்கும் வருகிறேன்.

விருந்தா, பாராட்டு விழாவா?

அஞ்சல் துறை ஊழியர்களுக்கு மத்தியக் குடிமைப் பணி (நடத்தை) விதிகள், 1964 பொருந்தும். அதன் 14-ஆம் விதி, முன் அனுமதி பெறாமல் எந்த அரசு ஊழியரும் பாராட்டு மடலையோ பிரிவுபசார மடலையோ நற்சான்றையோ ஏற்கக் கூடாது என்றும், தன்னையோ மற்றோர் அரசு ஊழியரையோ சிறப்பிப்பதற்காக நடக்கும் கூட்டத்திலும் விருந்திலும் கலந்துகொள்ளக் கூடாது என்றும் சொல்கிறது. இதைப் படித்துவிட்டுப் பயந்துவிட வேண்டாம். அதே விதியில் விலக்கும் இருக்கிறது. பணி ஓய்வையோ இடமாற்றத்தையோ முன்னிட்டு, பெரிதும் தனிப்பட்ட முறையில், சடங்கு சம்பிரதாயம் இல்லாமல் நடத்தப்படும் பிரிவுபசார விருந்துக்கு இந்தத் தடை கிடையாது. அண்மையில் பணியை விட்டு விலகியவருக்கு நடத்தப்படும் அத்தகைய விருந்துக்கும் இதே விலக்கு உண்டு.

ஆக, உங்கள் தோழிக்கு விருந்து வைக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை; ஆனால் அது விருந்தாகவே இருக்க வேண்டும். கவுன்சிலர் தலைமை, அச்சிட்ட அழைப்பிதழ், நுழைவாயிலில் ஃபிளெக்ஸ், மேடையில் மடல் வாசிப்பு என்று சேர்த்துக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் அது பொது நிகழ்ச்சியாகிவிடுகிறது. அப்போது விலக்கின் பாதுகாப்பு உங்கள் தோழிக்கு மட்டுமல்லாமல், விருந்துக்கு வரும், இன்னும் பணியில் இருக்கிற சக ஊழியர்களுக்கும் இல்லாமல் போகும். ‘மற்றோர் அரசு ஊழியரைச் சிறப்பிப்பதற்காக’ என்ற சொற்கள் அவர்களையும் கட்டுப்படுத்துகின்றன. இதைப் பலரும் கவனிப்பதில்லை.

நாளைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் உங்கள் கடிதத்தில் இருக்கிறது. மாலை ஆறு மணிக்கு விருந்து என்பதால் அதற்குள் அவர் ஓய்வு பெற்றுவிடுவார் என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். மத்திய அரசுப் பணிக்கான அடிப்படை விதிகளில் 56-ஆம் விதியின்படி அரசு ஊழியர் அந்த மாதத்தின் கடைசி நாள் பிற்பகலில் ஓய்வு பெறுகிறார் என்பதால், ஏட்டளவில் நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் வசூல், அழைப்பு, நகைக்கு முன்பணம் எல்லாம் அவர் பணியில் இருக்கும் நாள்களில் நடந்துகொண்டிருக்கின்றன. எவராவது புகார் எழுதினால், பந்தலில் விளக்கு எரிந்த நேரத்தை யாரும் பார்க்க மாட்டார்கள். எப்போது, யாரிடம், யார் பெயரைச் சொல்லிப் பணம் வாங்கப்பட்டது என்றுதான் கேட்பார்கள்.

ஒரு விருந்துக்காகத் துறை நடவடிக்கை எடுத்தே தீரும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஓய்வு பெறும் நாளில் துறை நடவடிக்கை நிலுவையில் இருந்தால், தற்காலிக ஓய்வூதியம் மட்டுமே கிடைக்கும். நடவடிக்கை முடியும்வரை பணிக்கொடை (கிராஜுவிட்டி) நிறுத்திவைக்கப்படும். ஓய்வுக்குப் பிறகும், நடவடிக்கை தொடங்கும் நாளுக்கு முந்தைய நான்கு ஆண்டுகளுக்குள் நடந்த நிகழ்வுக்காகக் குடியரசுத் தலைவரின் அனுமதியோடு நடவடிக்கை தொடங்க விதிகளில் இடமுண்டு. வாழ்நாள் உழைப்பின் பணம் கைக்கு வர இருக்கும் வாரத்தில், அதன் மேல் ஒரு சிறு நிழல்கூட விழ வேண்டாம் என்பதே என் கவலை.

எனவே, ஜூன் 30 அன்று அலுவலகத்தில் சக ஊழியர்கள் தேநீரோடு எளிமையாக வழியனுப்புவதை அவர்களிடமே விட்டுவிடுங்கள். உங்கள் விருந்தை ஜூலை முதல் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளி வையுங்கள். அப்போது அவர் ஓய்வூதியர். அலுவலகச் சாவியையும் கோப்புகளையும் ஒப்படைத்துவிட்டு, நான்கைந்து நாள் நன்றாகத் தூங்கி எழுந்து வருவார்.

வசூலை இன்றே நிறுத்துங்கள்

உங்கள் திட்டத்தில் என்னை மிகவும் கவலைப்படுத்தியது இதுதான். 14-ஆம் விதியின் கீழ் உள்ள குறிப்பு தெளிவாக இருக்கிறது. பிரிவுபசார விருந்து எவ்வளவு தனிப்பட்டதாக இருந்தாலும், அதற்குப் பணம் தரும்படி எந்த அரசு ஊழியரையும் எந்த வகையிலும் வற்புறுத்தக் கூடாது. அதைவிட முக்கியமாக, கீழ்நிலைப் பிரிவுகளான ‘சி’, ‘டி’ பிரிவு ஊழியர்களிடமிருந்து, அந்தப் பிரிவுகளைச் சேராத ஓர் அலுவலரின் விருந்துக்காக எந்தச் சூழ்நிலையிலும் சந்தா வசூலிக்கக் கூடாது. ‘டி’ பிரிவு பின்னர் ‘சி’ பிரிவோடு இணைக்கப்பட்டுவிட்டது. உங்கள் தோழி ‘பி’ பிரிவு. நீங்கள் 500 ரூபாய் வாங்கிய தபால்காரரும் கவுன்டர் எழுத்தரும் ‘சி’ பிரிவு. அவர்கள் மனமுவந்து கொடுத்தாலும் இந்தத் தடை மாறாது.

“யாருமே மறுக்கவில்லை, சிரித்துக்கொண்டே கொடுத்தார்கள்” என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நான் நம்புகிறேன். ஆனால் மேலதிகாரியின் நெருங்கிய தோழி நோட்டும் பேனாவுமாக வந்து நிற்கும்போது, கிராமத்துக் கிளை அஞ்சலகத்திலிருந்து பையோடு வந்திருக்கும் ஓர் ஊழியர் “இந்த மாதம் கஷ்டம் அம்மா” என்று எப்படிச் சொல்வார்? வற்புறுத்தல் என்பது குரலை உயர்த்திக் கேட்பது மட்டும் இல்லை.

இதுவரை வாங்கிய தொகையை, கொடுத்தவர்கள் ஒவ்வொருவரிடமும் நேரில் திருப்பிக் கொடுங்கள். நோட்டில் அந்தப் பெயருக்கு எதிரே தேதியோடு அவர்களுடைய கையெழுத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். “செலவை நானே பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் வந்து சாப்பிட்டால் போதும்” என்று சொல்லுங்கள். யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். 150 பேர் என்பதை 50 அல்லது 60 ஆகக் குறைத்தால் செலவு உங்கள் கைக்கு அடங்கும். விருந்தும் விதி சொல்லும் ‘தனிப்பட்ட’ தன்மையோடு இருக்கும்.

இரண்டு பவுன் சங்கிலி

இதைச் சொல்லும்போது நீங்கள் வருத்தப்படக்கூடும் என்று தெரிந்தே சொல்கிறேன். நடத்தை விதிகளின் 13-ஆம் விதி, பணியில் இருக்கும் ஊழியர் பரிசு பெறுவதை ஒழுங்குபடுத்துகிறது. நெருங்கிய நண்பர்களிடமிருந்து சமூக வழக்கப்படி பரிசு பெறுவதற்கு அது இடம் தருகிறது. ஆனால் அந்த நண்பர் ‘அலுவல் தொடர்பு இல்லாதவர்’ ஆக இருக்க வேண்டும். நீங்கள் உங்களை அவருடைய உயிர்த்தோழியாக மட்டுமே பார்க்கிறீர்கள். விதியின் பார்வையில் நீங்கள் அவருடைய அலுவலகத்தில் மாதந்தோறும் பட்டியல் கொடுத்து, வசூலிக்கும் ஆர்.டி. தொகைக்கு நான்கு சதவீதம் தரகு பெறும் முகவர். உங்களை முகவராக நியமித்தது அஞ்சல் துறை இல்லை என்பது உண்மைதான். ஆனாலும் உங்கள் பணம் கைமாறுவதும் உங்கள் பட்டியல் சரிபார்க்கப்படுவதும் அந்தக் கவுன்டரில்தான். மற்ற முகவர்களுக்கும் இதே நிலைதான். அவர்கள் பணமும் சேர்ந்த ஒரு தங்கச் சங்கிலி, கொடுப்பவர்களின் மனம் எவ்வளவு தூயதாக இருந்தாலும், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வேறு மாதிரி தெரியும். ஓய்வுக்குப் பிறகு 13-ஆம் விதி அவரைக் கட்டுப்படுத்தாது என்றாலும், ஓய்வு பெற்ற அதே வாரத்தில் முகவர்கள் கூடித் தங்கம் அணிவிப்பது நல்லதில்லை.

அடுத்தது வருமான வரி. “ஆளுக்குக் கொஞ்சம்தானே போடுகிறோம், வரி எங்கே வரும்?” என்ற உங்கள் கணக்குத் தவறு. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒருவர் ஒரு நிதியாண்டில் பெறும் நகை போன்ற பரிசுப் பொருள்களின் மொத்த மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதி மட்டுமல்லாமல் முழு மதிப்பும் அவருடைய வருமானமாகக் கொள்ளப்படும். கொடுத்தவர்கள் எத்தனை பேர் என்பதை அங்கே பார்ப்பதில்லை. பெற்றவர் ஒருவர் என்பதால் எல்லாம் ஒன்றாகக் கூட்டப்படும். திருமணத்தின்போது பெறும் பரிசுக்கு விலக்கு உண்டு. பணி ஓய்வுக்கு அப்படி ஒரு விலக்கு கிடையாது. சட்டத்தில் உறவினர் யார் என்று ஒரு பட்டியலே இருக்கிறது. எவ்வளவு நெருங்கிய தோழியும் அதில் வர மாட்டார். இன்றைய விலையில் ஒரு பவுனே அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது. நீங்கள் ஆசையாகப் போடும் சங்கிலிக்கு வரி கட்ட வேண்டியவர் உங்கள் தோழி.

அவருக்கு ஏதேனும் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், சில மாதங்கள் கழித்து, உங்கள் சொந்தப் பணத்தில், அந்த எல்லைக்குள், அவர் வீட்டுக்குப் போய்க் கொடுங்கள். விருந்து நாளுக்கு வேறொன்று தோன்றுகிறது. வருகிறவர்கள் ஒவ்வொருவரும் ஐம்பது காசு அஞ்சல் அட்டை ஒன்றில் அவருக்கு நாலு வரி எழுதி, ஜூலை முதல் வாரத்தில் அவர் வீட்டு முகவரிக்குச் சேரும்படி போடட்டும். இத்தனை காலம் மற்றவர்களுடைய கடிதங்களைப் பார்த்து அனுப்பிய ஒருவருக்கு, தபால்காரர் வீட்டு வாசலில் கட்டாகக் கொடுக்கும் அட்டைகளைவிடப் பொருத்தமான பரிசு எனக்குத் தெரியவில்லை. அஞ்சல் துறையிலேயே ‘மை ஸ்டாம்ப்’ என்ற திட்டம் இருக்கிறது. அஞ்சல் தலையோடு சேர்த்து அவருடைய படத்தை அச்சிட்டுத் தருவார்கள். அதற்கு ஆகும் சில நூறு ரூபாயைப் பற்றி யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை.

எந்த இடம்?

ஆற்று மணல் வேண்டாம். மேட்டூர் அணை வழக்கம்போல ஜூன் 12-ஆம் தேதி திறக்கப்படும் ஆண்டுகளில், அடுத்த சில நாள்களில் கல்லணையிலிருந்தும் தண்ணீர் விடப்படுகிறது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நீங்கள் இன்று பார்த்து வைத்திருக்கும் மணல் திட்டில் விருந்து நாளன்று தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கலாம். தண்ணீர் வராத ஆண்டானாலும், ஆற்றுப்படுகை அரசுப் புறம்போக்கு. அனுமதியில்லாமல் அங்கே பந்தக்கால் ஊன்றக் கூடாது. இருட்டிய பிறகு குழந்தைகளும் வயதானவர்களும் படித்துறைப் பாசியில் இறங்குவதை யாராலும் தடுக்க முடியாது.

தெருவும் வேண்டாம். “எங்கள் வீட்டு வாசல்தானே” என்று எல்லோரும் சொல்கிறோம். ஆனால் வாசல்படிக்கு வெளியே உள்ளது பொதுப் பாதை. அங்கே பந்தல் போட நகராட்சியின் அனுமதியும், போக்குவரத்தை மாற்றிவிடக் காவல் துறையின் அனுமதியும் வேண்டும். அனுமதியில்லாமல் பாதையை மறிப்பது இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 285-ஆம் பிரிவின்படி 5,000 ரூபாய்வரை அபராதம் விதிக்கத்தக்க குற்றம். அபராதம் சிறிதாகத் தோன்றலாம். அதே நேரத்தில் அந்தத் தெருவுக்குள் ஓர் ஆம்புலன்ஸ் வர வேண்டியிருந்தால் என்ன ஆகும் என்பதையும் நினைத்துப் பாருங்கள். ஃபிளெக்ஸ் எந்த இடத்திலும் வேண்டாம். 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் சாலை நடுவே வைக்கப்பட்டிருந்த பேனர் சரிந்து விழுந்து, இருசக்கர வாகனத்தில் சென்ற இளம்பெண் பொறியாளர் ஒருவர் இறந்தார். அதுவும் ஒரு குடும்ப விழாவுக்காக வைத்த பேனர்தான்.

மிஞ்சுவது தம்பியின் தோப்பு. அது தனியார் நிலம், அழைத்தவர்கள் மட்டும் வருவார்கள், நிழல் இருக்கிறது. சட்டப்படியும் வசதிப்படியும் அதுவே நல்லது. ஆனால் அழைத்து வந்த விருந்தாளிக்கு நம் கவனக்குறைவால் காயம் பட்டால் இழப்பீட்டுப் பொறுப்பு நிலத்துக்காரருக்கும் விருந்து நடத்துபவருக்கும் வரும் என்பதால், சில வேலைகளை முன்கூட்டியே முடித்துவிட வேண்டும். விருந்துக்கு இரண்டு நாள் முன்பாக மரம் ஏறுபவரை வரவழைத்து, பந்தல் போடும் இடத்தையும் வண்டி நிறுத்தும் இடத்தையும் சுற்றியுள்ள மரங்களில் முற்றிய காய்களையும் காய்ந்த மட்டைகளையும் முழுவதுமாக இறக்கிவிடுங்கள். தேங்காய் தலையில் விழுந்தால் என்ன ஆகும் என்று தோப்பு வைத்திருக்கும் உங்கள் தம்பிக்குத் தெரியும். அங்கே உள்ள கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் தாழ்வாக இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதன் மேல் இரும்புக் கம்பி வலை போட்டுக் கட்டி, சுற்றிலும் கயிறு இழுத்து, ஒரு குழல் விளக்கும் எரிய விடுங்கள். அடுப்பைச் சருகும் மட்டையும் இல்லாத திறந்த இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். ஆனி மாதப் பிற்பகுதியில் காற்று வலுத்துவிடும். சாமியானாவை மரத்தோடு மட்டும் கட்டாமல் நான்கு பக்கமும் முளை அடித்து இழுத்துக் கட்ட வேண்டும்.

வருகிறவர்களில் பாதிப் பேர் அறுபதைத் தொட்டவர்கள், அவர்களிலும் பெரும்பாலோர் பெண்கள். தோப்பு விருந்துகளில் கழிப்பறையை எல்லோரும் மறந்துவிடுவார்கள். மாலை முழுவதும் தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்களை எத்தனையோ விழாக்களில் பார்க்கிறோம். பந்தல்காரர்களே இப்போது நடமாடும் கழிப்பறைகளை வாடகைக்கு எடுத்துத் தருகிறார்கள். மேடைக்கும் பாட்டுக்கும் ஒதுக்கிய பணத்தை அதற்குச் செலவழியுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, கேட்காமலே சொல்கிறேன். பதினெட்டாம் பெருக்குக்குக் கட்டிக்கொண்டு போவதுபோல் புளியோதரை, எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம், தயிர்ச் சாதம், வடாம் என்று செய்தால், உங்கள் உறவுப் பெண்கள் நான்கு பேரே சமைத்துவிடலாம். சமையல் ஒப்பந்தக்காரர் தேவையில்லை. தெர்மோகோல் தட்டுகளுக்கும் பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டு, குவளைகளுக்கும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. வாழையிலையே போதும்.

மைக், மின்சாரம், ‘தனி ஏற்பாடு’

ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள், 2000-இன்படி ஒலிபெருக்கி வைக்க எழுத்து மூலமான அனுமதி வேண்டும். பகலில் வைத்தால் அனுமதி தேவையில்லை என்று உங்கள் மகன் சொல்வது சரியில்லை. இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை திறந்த வெளியில் முற்றிலும் தடை என்பது தனி விதி. தனியார் நிலமானாலும், அதன் எல்லையில் கேட்கும் ஒலி அந்தப் பகுதிக்கு வகுத்த அளவைவிட ஐந்து டெசிபலுக்கு மேல் கூடக் கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்திலிருந்து 100 மீட்டருக்குள் இருந்தால் அது அமைதி மண்டலமாக அறிவிக்கப்பட்டிருக்கலாம். ஐம்பது பேருக்கு மைக் எதற்கு என்பது என் எண்ணம். மைக் இல்லாவிட்டால் பேச வருகிறவர்கள் சுருக்கமாகப் பேசுவார்கள், சாப்பிடுகிறவர்களும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வார்கள். வேண்டும் என்றால், பத்து நாளுக்கு முன்பே காவல் நிலையத்தில் விண்ணப்பம் கொடுத்து, அனுமதியைக் கையில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மின்சாரத்தில் ஓர் ஆபத்து இருக்கிறது. “தோப்பில் பம்புசெட்டு இணைப்பு இருக்கிறது, அதிலிருந்தே விளக்குப் போட்டுக்கொள்ளலாம்” என்று எழுதியிருக்கிறீர்கள். அது விவசாயத்துக்காகக் கட்டணமில்லாமல் தரப்பட்ட இணைப்பு. அதைப் பந்தல் விளக்குக்குப் பயன்படுத்துவது, அனுமதித்த நோக்கத்தைத் தவிர வேறு நோக்கத்துக்குப் பயன்படுத்துவது ஆகும். மின்சாரச் சட்டம், 2003-இன் 126-ஆம் பிரிவு அதற்கு இரண்டு மடங்கு கட்டணம் விதிக்கிறது; மின்திருட்டைப் பற்றிய 135-ஆம் பிரிவிலும் இத்தகைய பயன்பாடு சேர்க்கப்பட்டிருக்கிறது. ஒரு மாலை நேர விளக்குக்காகத் தம்பியின் விவசாய இணைப்புக்கு ஆபத்து வரவேண்டாம். தற்காலிக இணைப்புக்கு மின்வாரியத்தில் விண்ணப்பியுங்கள். அல்லது ஒரு ஜெனரேட்டரை வாடகைக்கு எடுங்கள்.

மோட்டார் கொட்டகையில் கேட்கும் ‘தனி ஏற்பாட்டுக்கு’ ஒரே பதில், முடியாது என்பதுதான். உங்கள் செலவில், உங்கள் தம்பி நிலத்தில், பெண் ஒருவரின் ஓய்வை முன்னிட்டு நடக்கும் விருந்தில் மது வைக்க யாருக்கும் உரிமை இல்லை. வருகிற ஊழியர்களை நடத்தை விதிகளின் 22-ஆம் விதியும் கட்டுப்படுத்துகிறது. பொது இடத்தில் குடிப்பதும் குடித்த நிலையில் பொது இடத்தில் தோன்றுவதும் அவர்களுக்கு விதிமீறல். தோப்பிலிருந்து ஊருக்குத் திரும்பும் வழி ஆற்றங்கரைச் சாலை, இருட்டு, ஒரு பக்கம் நீர். அந்தச் சாலையில் குடித்தவர் வண்டி ஓட்டி ஏதாவது நடந்தால், உங்கள் தோழியின் ஓய்வு நாளை அந்த ஊர் வேறு விதமாகத்தான் நினைவு வைத்திருக்கும்.

அவரிடம் கேளுங்கள்

“சத்தமில்லாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுகிறேன்” என்று அவர் சொன்னதை நீங்கள் அடக்கம் என்று முடிவுசெய்துவிட்டீர்கள். எனக்கு அது வேறு விதமாகக் கேட்கிறது. இந்த விதிகளை எல்லாம் ஆண்டுக்கணக்கில் மற்றவர்களுக்கு எடுத்துச் சொன்ன அலுவலர் அவர். தன்னைச் சுற்றி வசூலும் விழாவும் நடந்தால் என்ன ஆகும் என்பது அவருக்கு நம் இருவரையும்விட நன்றாகத் தெரியும். ஒருவேளை கூட்டமே பிடிக்காமலும் இருக்கலாம். வேலையை விடுவது சிலருக்கு விடுதலை. சிலருக்கு உள்ளூர வலி. அந்த வலியோடு இருப்பவரைத் திடீரென்று 150 பேர் முன்னால் நிறுத்தி மாலை போட்டால், அவர் சிரிப்பார், கைகூப்புவார், வீட்டுக்குப் போய் அழுவார்.

திடீர் மகிழ்ச்சி தர வேண்டும் என்ற ஆசையை விட்டுவிடுங்கள். இந்த வாரமே அவர் வீட்டுக்குப் போய், ‘அக்கா, ஜூலை முதல் ஞாயிறு தம்பி தோப்பில் நாம் ஒரு ஐம்பது பேர் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று இருக்கிறேன், யார் யாரைக் கூப்பிடலாம் சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். பட்டியலை அவர் கையால் எழுதட்டும். கவுன்சிலர் பெயர் அதில் இருக்காது என்பது என் ஊகம். கிளை அஞ்சலகத்திலிருந்து தினமும் பை கொண்டுவந்த யாராவது ஒருவரின் பெயர் இருக்கலாம். அவர் பத்துப் பேர் போதும் என்றால் பத்துப் பேரோடு நடத்துங்கள். வேண்டவே வேண்டாம் என்றால், அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். தோப்பு எங்கேயும் போய்விடாது, ஆறு மாதம் கழித்து அவரே ஒரு நாள் கேட்கலாம்.

வசூல் செய்ததையும் அப்போதே அவரிடம் சொல்லிவிடுங்கள். பணம் திருப்பிக் கொடுக்கப்பட்டுவிட்டது என்பதை வேறொருவர் வாயிலாக அவர் அறிவதைவிட, கையெழுத்து வாங்கிய நோட்டை நீங்களே அவர் முன் வைப்பது நல்லது. அதன் நகல் ஒன்று அவரிடமும் இருக்கட்டும். எப்போதாவது கேள்வி வந்தால், ‘எனக்குத் தெரியாமல் நடந்த வசூல் அது, பணம் திருப்பிக் கொடுக்கப்பட்டுவிட்டது’ என்று சொல்ல அது ஒன்றே அவருக்குப் போதும். நகைக்கடையில் கொடுத்த முன்பணத்தைப் பணமாகத் திருப்பித் தர மறுத்தால், உங்கள் பெயரில் வரவு வைத்துக்கொள்ளச் சொல்லி ரசீதை மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள். எந்த இடத்திலும் தோழியின் பெயர் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.